ஏணிக்கு அறுபத்தொன்றாம் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அந்த அம்மாள் எருமையைப் பதினேழாம் இடத்திலிருந்து தூக்கிப் பத்தொன்பதாம் இடத்தில் வைத்தார். வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அது அங்கே பொருந்துகிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரர், "பாவம், அது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலை. அதான் இறக்கிட்டேன்."

எருமை ஒரு ஹெவி மெட்டல் பாட்டு. அதற்கு வேறு பெயர் உண்டு. ஆனால் இந்த அம்மாள் எந்தப் பாட்டையும் அதன் சொந்தப் பெயரால் அழைப்பதில்லை. "பேரைச் சொன்னா மரியாதை வந்துடும் சார். மரியாதை வந்தா மார்க்கும் கூடிடும்" என்பார். ஆகவே சாப்பாட்டு மேசை முழுக்க நூறு காகிதத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் அவர் சூட்டிய ஒரு பட்டப்பெயர். எருமை, தகரக் கொட்டகை, பல்வலி, பெரிய மாமனார், சின்ன மாமனார், ஈரத்துணி, ஏணி. வருடக் கடைசி மாதம் முழுவதும் ஞாயிறுகளில் அந்த மேசையில் யாரும் சாப்பிட முடியாது. மின்விசிறியும் போடக் கூடாது, துண்டுகள் பறந்துவிடும். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வியர்க்க வியர்க்க சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிவிட்டார் வீட்டுக்காரர்.

உலகத்தின் தலைசிறந்த நூறு மெட்டல் பாட்டுகளை இருபத்து நான்கு வருடங்களாக இப்படி வரிசைப்படுத்தி வருகிறார். இது இருபத்தைந்தாவது பட்டியல். ஐம்பத்தாறு வயது. இறுக்கிப் போட்ட கொண்டையில் எந்நேரமும் ஒரு பேனா செருகியிருக்கும், அதைத் தேடி வீடு முழுக்க அலைவார். தெருவில் பார்த்தால் அளவாக நடந்து, அளவாகச் சிரித்து, நேராக வீடு போய்ச் சேருகிற ஒரு பெண்மணி. இப்படி ஒரு காரியம் செய்கிறவர் என்று நெற்றியில் எழுதி ஒட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

நான் அவரைச் சந்தித்தது காது இரைச்சலுக்காகப் போன இடத்தில். காது மூக்கு தொண்டை மருத்துவமனை ஒன்றின் இரண்டாவது மாடியில் கேட்கும் திறனைச் சோதிப்பவர் அவர். அங்கே ஒரு பெரிய பீரோவைப் போல ஓர் அறைக்குள் அறை இருக்கிறது. உள்ளே சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால் நாம் எச்சில் விழுங்குவது நமக்கே கேட்கும். அதைப் பூத் என்கிறார்கள். அதனால் இவர் பூத் அக்கா. புதிதாக வருகிறவர்கள் சிலர் ஏதோ ஓட்டுப் போடச் சொல்கிறார்கள் என்று நினைத்து விழிப்பதும் உண்டு.

ஒவ்வொருவருக்கும் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு ஒரே வசனத்தைச் சொல்வார். "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க. எவ்வளவு சின்னதா கேட்டாலும் தூக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. யூகிக்காதீங்க. இதுல பாஸாகி உங்களுக்கு ஒண்ணும் கிடைக்கப் போறதில்லை." அப்படிச் சொல்லியும் யூகிப்பவர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, மனைவியோடு வருகிற பெரியவர்கள். இரண்டு ஒலிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு, சரியான நேரத்தில் விரலை நீட்டிவிடுவார்கள். பூத் அக்கா உடனே இடைவெளியை மாற்றுவார். விரல் வெறும் காற்றில் நிற்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவர் புருவத்தைத் தூக்குவார். பெரியவர் விரலை மடக்கிக்கொள்வார்.

என் காதை முழுசாகப் பரிசோதித்துவிட்டு, "மேல வரைக்கும் நேர்க்கோடு சார், காதுல ஒரு குறையும் இல்ல" என்றார். அப்புறம், "வீட்டுல யாரோ உங்ககிட்ட எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருக்காங்க. அதைக் கேட்டுடுங்க, இரைச்சல் நின்னுடும்" என்றார். கேட்டேன். நின்றது. அந்த நன்றியில்தான் நட்பு தொடங்கியது.

எனக்கு அந்த இசை ஒத்துவராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எனக்குப் புரியவைக்க முயன்றார். வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். கல்யாணமான புதிதில் அவருக்குப் பாடம் எடுத்த முறையிலேயே எனக்கும் எடுத்தார். "த்ராஷ்னா, கிளம்பிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடறவன் பாட்டு. டூம்னா, பஸ் போயிடுச்சு, அடுத்தது சாயந்திரம்தான். பவர் மெட்டல்ல பஸ் பறக்கும். ப்ரோக்ரெஸிவ்ல ரூட்டு மாறிக்கிட்டே இருக்கும், ஆனா நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்துடும். பிளாக் மெட்டல்னா பஸ் பனியில மாட்டிக்கிச்சு, கண்ணாடியில வைப்பர் மட்டும் ஓடிட்டே இருக்கு."

"டெத் மெட்டல்?"

"அதுல பஸ்ஸே பாடும்."

உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "அது மட்டும் எனக்குப் பிடிக்கும் சார். இன்ஜின் நல்ல கண்டிஷன்ல இருக்குன்னு தெரியும்" என்றார்.

டூமையும் த்ராஷையும் எப்படி ஒரே தராசில் நிறுக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவர்போல் விரலை மடக்கினார். ஒன்று, அந்தப் பாட்டு எதைச் செய்யக் கிளம்பியதோ அதைச் செய்ததா. மெதுவாகப் போகிறவனை ஏன் ஓடவில்லை என்று கேட்கக் கூடாது. இரண்டு, அது இல்லாமல் போனால் யாராவது தேடுவார்களா. மூன்றாவதுதான் முக்கியம் என்று சொல்லும்போது அவர் குரல் தணிந்தது. மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்றாம் தடவையில், முதல் இரண்டு தடவை காதில் விழாத ஏதோ ஒன்று விழ வேண்டும். "ஒளிச்சு வச்சிருப்பாங்க சார். அதைக் கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் அந்தப் பாட்டு."

கேட்பதோ, மிகச் சன்னமாக. ஸ்பீக்கருக்கு எதிரே சத்தம் அளக்கும் கருவி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார். முள் எழுபத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. அவருக்கு இந்த இசை அறிமுகமானதே ஒரு நோயாளியால்தான். முப்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு டிரம் வாசிப்பவர் பாதிக் காதோடு வந்து, போகும்போது ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "இந்த ஆள் காதைக் கெடுத்தது எதுன்னு பாக்கத்தான் சார் போட்டேன். அப்புறம் நிறுத்தத் தெரியலை." ஆனால் அன்றிலிருந்தே அளவு வைத்துக் கேட்கிறார். "சத்தமா வச்சுக் கேக்கறவன் மெட்டலைக் கேக்கலை. சத்தத்தைக் கேக்கறான்."

பட்டியலைச் செம்மைப் பிரதி எடுக்க அவர் பயன்படுத்தும் தாள் விசேஷமானது. மருத்துவமனையில் ஒரு முறை கேள்திறன் வரைபடத் தாள்களில் தொலைபேசி எண்ணைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள். இரண்டாயிரம் தாள் குப்பைக்குப் போக இருந்ததை வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார். முன்பக்கம் காலியாகக் கிடக்கும் கட்டங்கள். பின்பக்கம், உலகத்தின் தலைசிறந்த நூறு பாட்டுகள். இருபத்து நான்கு வருடத் தாள்களும் ஓர் எக்ஸ்ரே உறைக்குள் இருக்கின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி அறுபத்தொன்றாம் இடத்தில் கிடந்தது. முதல் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதில் ஏணிக்கு நான்காம் இடம். ஓரத்தில் பென்சிலால், 'எல்லாம் நின்றபின் ஒரே ஒரு ணிங். அதற்காகவே நாலு' என்று எழுதியிருந்தது. இந்தப் பாட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நடுவுல ஒரு இடத்துல எல்லா வாத்தியமும் நிக்கும் சார். முன்னாடி கேசட்ல அந்த இடத்துல டிரம்ஸோட சின்னத் தட்டு ஓரத்துல குச்சி ஒரு தடவை படும். ஊசி விழற மாதிரி. அதைத்தான் ஒளிச்சு வச்சிருந்தாங்க. சிடி போட்டவங்க அதைத் துடைச்சுட்டாங்க. இப்ப அந்த இடம் சும்மா நிக்குது, காலி பண்ண வீடு மாதிரி. எவ்வளவு நல்ல பாட்டு." கொண்டையிலிருந்து பேனாவை உருவி, ஏணியின் துண்டில் மூன்றாம் கேள்விக்கான கட்டத்தில் ஒரு சுழி போட்டார்.

அவருக்குக் கோபம் பெரும்பாலும் மனிதர்கள்மீது வருவதில்லை, சாமான்கள்மீதுதான் வரும். தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன் சோதனைக் கருவியின் ஹெட்ஃபோனைத் தானே மாட்டிக்கொண்டு, அடி ஒலியிலிருந்து கீச்சென்ற மேல் ஒலி வரை ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். மூன்று வருடங்களாக அவர் பதிவேட்டில் அடிக்கடி ஒரே குறையை எழுதி வருகிறார்: 'மேல் ஒலி மந்தம்.' ஒயரை மாற்றினார்கள். ஹெட்ஃபோனை மாற்றினார்கள். இரண்டு தடவை. குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

கருவியைச் சரிபார்க்க வருகிறவரை எல்லோரும் மெஷின்காரர் என்கிறார்கள். நாற்பது வயது, கம்பெனிச் சட்டைக்குள் எப்போதும் கறுப்பு பனியன். பல வருடங்களுக்கு முன் ஒரு நாள் மேசைக்கு அடியில் குனிந்தபோது சட்டை மேலே ஏறி, பனியனில் இருந்த மண்டையோடு தெரிந்திருக்கிறது. "டூமா, டெத்தா?" என்று மேலேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டதும் மேசையில் தலையை இடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அக்கா, தம்பி. பட்டியலை வருடா வருடம் வாங்கிப்போய், பாட்டுகளின் சொந்தப் பெயரோடு தட்டச்சு செய்து, முந்நூறு பேர் இருக்கும் ஒரு குழுவில் போடுவது மெஷின்காரர்தான். அங்கே பூத் அக்காவுக்குப் பெயர் 'நடுவர்'. எந்தச் சண்டை வந்தாலும், "நடுவர் என்ன சொல்லியிருக்கார் பார்" என்று முடித்துவிடுவார்களாம். அவர் அந்தக் குழுவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசினால் காது மடல் சிவந்துவிடும். இருபத்தைந்தாவது வருடத்துக்கு எல்லாப் பட்டியல்களையும் சேர்த்து ஒரு புத்தகமாகப் போடப் போகிறார்கள்.

மெஷின்காரர் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அந்த வாரம் பதிவேட்டில் மறுபடியும் 'மேல் ஒலி மந்தம்'. அவர் ஹெட்ஃபோனைத் தன் அளவுக் கருவியில் பொருத்தி, மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டியில் போட்டு மூடினார்.

"மெஷின் சுத்தமா இருக்குக்கா."

"எனக்குக் கேக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"இதே மெஷின்லதானே இந்த சாருக்குப் பாத்தீங்க. மேல வரைக்கும் நேர்க்கோடா வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? மந்தமா இருந்தா இவருக்கு எப்படி வரும்?"

பூத் அக்கா பதிவேட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். மெஷின்காரர் தன் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். புத்தகத்துக்காக இருபத்து நான்கு பட்டியலையும் அடித்து முடித்திருக்கிறார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற மாதிரி இருந்தா கோவிச்சுக்குவேன். கேளு."

"ஏணி பத்து வருஷம் நாலு, அஞ்சு, நாலுன்னே இருக்கு. அப்புறம் பன்னெண்டு. இருபத்தேழு. நாப்பது. ஈரத்துணியும் அப்படியே இறங்குது. பிளாக்ல இருந்தது எல்லாம் கீழ போயிடுச்சு. டூம் பூரா மேல வந்திருக்கு."

"ரசனை மாறும் தம்பி. மனுஷின்னா மாறத்தான் செய்யும்."

"ரசனை மாறினா அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு மாறும்க்கா. இது ரூல் போட்ட மாதிரி மாறியிருக்கு. மேல் சத்தம் இருக்கிற பாட்டு எல்லாம் இறங்கியிருக்கு. அடிச் சத்தம் இருக்கிற பாட்டு எல்லாம் ஏறியிருக்கு." காகிதக் கட்டை மேசைமேல் வைத்து, "ஏணில அந்த ணிங் இருக்குக்கா. நீங்க குடுத்த சிடிலதான் கேட்டேன். யாரும் துடைக்கலை" என்றார்.

பூத் அக்கா எழுந்துவிட்டார். இவ்வளவு நாளில் அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "மெட்டல் கேட்டுக் காது போச்சுன்னு சொல்ல வரியா? முப்பது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், எழுபத்தஞ்சைத் தாண்டி வச்சிருக்கேனா?"

"இல்லக்கா. பாட்டால இல்ல. வயசால."

"அது இன்னும் மோசம்."

எனக்கு வெளியே போய்விடலாம் போலிருந்தது. ஒருவர் தன் வாழ்நாள் வேலையின் அடியில் கை வைத்து, அது ஆடுகிறதா என்று தடவிப் பார்ப்பதை வேறொருவர் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது சரியில்லை. ஆனால் என் நாற்காலிதான் கதவை மறித்துக்கொண்டிருந்தது. எழுந்தால் கீச்சிடும். உட்கார்ந்தே இருந்தேன்.

சற்று நேரம் கழித்து அவர் கொண்டையிலிருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். பூத்துக்குள் போய், இத்தனை வருடம் மற்றவர்களை உட்கார வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்ஃபோனைத் தானே மாட்டிக்கொண்டார். "நீ ஓட்டு. இடைவெளியை மாத்தி மாத்திக் குடு. என்னையும் நம்பாதே" என்றார். மெஷின்காரர் கதவைச் சாத்தினார்.

கண்ணாடி வழியே பார்த்தேன். அடி ஒலிகளுக்கு விரல் சட் சட்டென்று எழுந்தது. நடு ஒலிகளுக்கும் எழுந்தது. அப்புறம் மெஷின்காரரின் கை குமிழை ஒரு படி கூட்டியது, இன்னொரு படி, இன்னொரு படி. உள்ளே அவர் தலையைச் சாய்த்து, பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்பவர்போல் காத்திருந்தார். மெஷின்காரர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்து, "எண்ணைச் சொல்லு" என்றார். அங்கே புதிய தாள்கள் ஒரு கட்டு இருந்தது. அதைத் தொடவில்லை. தன் பையிலிருந்து, இருபத்தைந்தாவது பட்டியலின் செம்மைப் பிரதியை எடுத்தார். மெஷின்காரரிடம் அன்று கொடுப்பதற்காகக் கொண்டுவந்தது. அதைத் திருப்பி வைத்தார். முன்பக்கத்துக் கட்டங்களில், வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று மெஷின்காரர் எண்களைச் சொல்லச் சொல்லப் போட்டுக்கொண்டே வந்தார். கோடு நேராகப் போய், கடைசியில் படி தவறியதுபோல் விழுந்தது.

"இந்தக் கோட்டை நான் ஒரு நாளைக்கு நாலு பேருக்குப் போடறேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். வயது என்ற இடத்தில் ஐம்பத்தாறு என்று எழுதினார். தாளை மெஷின்காரரிடம் நீட்டினார். "புஸ்தகத்துல லிஸ்ட்டுக்கு முன்பக்கம் இதைப் போடு."

"எதுக்குக்கா? முந்நூறு பேர் பாப்பாங்க. கண்டபடி பேசுவாங்க."

"பேசட்டும். எந்தக் காதால கேட்டதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசட்டும்."

மெஷின்காரர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மடிக்கவில்லை.

"ஏணியைப் போடு" என்றார் பூத் அக்கா. குழந்தைகளைச் சோதிப்பதற்காக உள்ளே இரண்டு ஸ்பீக்கர்கள் உண்டு. இந்த முறை கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அளவுக் கருவியை எட்டிப் பார்த்து, "எழுபத்தஞ்சு" என்றார். மெஷின்காரர் தன் கைப்பேசியை இணைத்தார்.

பாட்டு தொடங்கியது. நான் வாசலில் நின்றேன். இருபத்தைந்து வருடமாகக் கேட்ட பாட்டு. அதன் ஒவ்வொரு வினாடியும் அவருக்கு அத்துப்படி. கால் பெருவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. வலது கை முழங்காலின்மேல், ஆள்காட்டி விரல் மட்டும் நீட்டியபடி, அங்கே வருகிறவர்கள் எல்லோரும் வைத்துக்கொள்வதுபோல இருந்தது.

மூன்றாவது நிமிடம் தாண்டியதும் எல்லா வாத்தியங்களும் நின்றன. கால் விரலும் சரியாக அதே கணத்தில் நின்றது.

ணிங்.

எனக்குக்கூடத் தெளிவாகக் கேட்டது. மெஷின்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே அவர் முழங்காலின்மேல் நீட்டியிருந்த தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்போது வரும் என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. கிட்டார் திரும்ப வந்தது. கால் விரல் தாளம் தப்பாமல் அதோடு சேர்ந்துகொண்டது. ஆள்காட்டி விரல் மட்டும் முழங்காலைவிட்டு எழவே இல்லை.